தோள்பட்டையில் மஞ்சள்

புதுக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரில் மைக் செட் வாடகைக்கு விடுகிற கடை ஒன்று உண்டு. போன மாதம் சின்னவளுக்குக் காதுவலி என்று டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, அந்தக் கடையில் என் கணவரின் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பாட்டு முடிந்ததும், "என்னா கொரலுங்க! இவரு பொண்டாட்டி குடுத்து வச்சவ" என்று என்னிடமே சொன்னாள். நான் சிரித்து வைத்தேன். அவளைப் போல என்னால் அந்தப் பாட்டைக் கேட்க முடியவில்லை. இந்த வரி இதற்கு முன் எந்தப் பாட்டில் இருந்தது, இனி எந்தப் பாட்டுக்குப் போகும் என்றே மனம் ஓடியது. அவர் பாட்டு எதையும் நான் அப்படித்தான் கேட்கிறேன். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது. எழுதுவது சரிதானா என்றும் தோன்றுகிறது.

ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சின்ன ஊர், சின்னக் கத்தோலிக்கக் கோயில். கல்யாணத்துக்கு முன் நான் கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். அவர் கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். அதோடு, சுற்று வட்டாரத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சேர்த்து வாழ்த்துப் பாட்டு எழுதி, ஆர்மோனியத்தோடு மேடையில் பாடுவார். பாட்டு நன்றாக இருக்கும். எழுத்துப்பிழை நிறைய இருக்கும். கல்யாணமான மறுவாரமே தன் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "டீச்சரம்மா, திருத்திக் குடுங்க" என்றார். அன்றிலிருந்து அவர் எழுதியதையெல்லாம் நான்தான் பிழை திருத்தி, நல்ல நோட்டில் படியெடுத்தேன். சில இடங்களில் வார்த்தையையும் மாற்றினேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். மறுநாள் என் வார்த்தையோடுதான் பாடுவார்.

மூன்று வருடத்தில் அவர் பெயர் பரவியது. கல்யாண வீடு போய், பள்ளி ஆண்டு விழா, வாசகசாலை விழா என்று மேடைகள் வந்தன. ஜோடிப் பாட்டுப் பாட ஒரு பெண் சேர்ந்தாள். கந்தர்வக்கோட்டைக்காரி, நாடகக் குடும்பம், நல்ல உச்சக் குரல். முகத்துக்கு மஞ்சள் பூசி, நடு நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருப்பாள். என் மாமியார் அவளை ஒரு தரம் மேடையில் பார்த்துவிட்டு வந்து, எனக்குச் சோறு போட்டபடியே சொன்னார்: "அவளும் இவனும் கண்ணப் பாத்துக்கிட்டுல்ல பாடுறாக. பாட்டுன்னா காதுக்குத்தானே? கண்ணு எதுக்குங்கறேன்."

"தாளம் தப்பாம இருக்கப் பாத்துக்குவாங்க அத்தை" என்றேன்.

"ஆமா, நீ படிச்ச புள்ள. ஒனக்குத் தெரியும்."

பாதிச் சோற்றோடு கை கழுவினேன்.

பெரியவள் பிறந்து ஒன்பதாவது மாதம் அந்தத் தவசுக் காலம் வந்தது. ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாளை நாங்கள் அப்படிச் சொல்வோம். அந்த நாட்களில் எங்கள் கோயில்களில் கல்யாணம் கிடையாது. மேளம் கிடையாது. ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். வீட்டில் கவிச்சி சேர்க்கமாட்டோம். கல்யாணப் பாட்டுக்காரருக்கு அந்த நாற்பது நாளும் வேலை இல்லை. முந்தைய வருடங்களில் அவர் வீட்டில் உட்கார்ந்து பாட்டு எழுதுவார். அந்த வருடம் முதல் சனிக்கிழமையே வெள்ளைச் சட்டையைத் தேய்க்கச் சொன்னார்.

"எங்க போறீங்க?"

"திருச்சிக்கு. ரேடியோவுல பாட்டுக்காரங்களத் தேர்வு பண்றாகளாம். ஒரு வாத்தியாருகிட்ட கத்துக்கிட்டாத்தான் ஆகும்னு சொல்றாக. நாளைக்கு அங்கயே பூசை பாத்துட்டு மத்தியானம் வந்துர்றேன்."

நம்பினேன். நம்பினேன் என்றால், நம்ப வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். மறுநாள் வந்தார். குரல் கட்டியிருந்தது. வாத்தியார் ஓயாமல் பாடச் சொன்னார் என்றார். அடுத்த சனிக்கிழமையும் போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, துவைக்க எடுத்த சட்டையில் இடது தோள்பட்டையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. ஒரு கன்னம் பதிகிற அளவு. கிணற்றடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, சாம்பார் கறையாக இருக்கலாமே என்று நினைத்துச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். கறை சிவந்தது. அப்படியானால் மஞ்சள்தான். ஆனால் சாம்பாரிலும் மஞ்சள்தூள் இருக்கிறதே, அதுவும் சிவக்குமே என்று உடனே தோன்றியது. தோளில் யார் சாம்பார் ஊற்றிக்கொள்வார்கள் என்று அதற்கடுத்துத் தோன்றியது. இப்படியே நான் நின்றதில் குழந்தை தொட்டிலில் அழுது அழுது தொண்டை வறண்டுபோனது. மாமியார் தூக்கிக்கொண்டு வந்து, "பெத்தவ இருக்காளா, கெணத்துல விழுந்துட்டாளான்னு பாக்க வந்தேன்" என்றார்.

சட்டையை வெயிலில் போட்டேன். சாயங்காலத்துக்குள் கறை முக்கால்வாசி வெளிறிவிட்டது. எனக்கு வெளிறவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அவர் திரும்பி வந்ததும், சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்: "இன்னைக்குத் திருச்சியில பிரசங்கம் எதப் பத்தி?"

"அஞ்சு அப்பம், ரெண்டு மீன வச்சு அய்யாயிரம் பேருக்குப் போட்டாரே, அதப் பத்தி" என்றார், யோசிக்காமல்.

அன்றைக்கு எங்கள் கோயிலிலும் அதுதான் வாசித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பூசைக்குப் போயிருக்கிறார், வாத்தியாரிடமும் போயிருப்பார் என்று மனம் ஆறியது. பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது: தவசுக் காலத்தின் நாலாம் ஞாயிறு வருடா வருடம் அதே வாசகம்தான் வரும். ஏழு வயதிலிருந்து பாடகர் வரிசையில் நிற்கிறவரிடம் போய் அதைக் கேட்டேனே!

அன்று அவர் குழந்தைக்கு என்று இலையில் பொதிந்து முந்திரிப்பழம் கொண்டுவந்திருந்தார். மஞ்சளும் சிவப்புமாக நான்கு பழம். திருச்சி மார்க்கெட்டில் வாங்கியதாகச் சொன்னார். நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முந்திரிப்பழம் பறித்த அரைநாளில் கன்றி, தண்ணீர் விட்டு, தொட்டால் குழைந்துவிடும். இது விறைப்பாக இருந்தது. காலையில் மரத்தில் இருந்த பழம். முந்திரித் தோப்பு இருப்பது திருச்சி மார்க்கெட்டில் இல்லை, கந்தர்வக்கோட்டையில். அந்தப் பெண்ணின் ஊரில்.

அந்த வாரம் நான் என்ன செய்தேன், எப்படிச் சமைத்தேன் என்பது நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவள் அப்பா இல்லாமல் வளர்ந்தால் என்ன செய்வது, பள்ளிக்கூடத்தில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று கணக்குப் போட்டேன். சண்டை பிடிக்கத் தோன்றவில்லை. போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஐந்தாவது சனிக்கிழமை அவர் கிளம்பிப்போனார். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், குழந்தைக்கு வயிற்றுக்குச் சரியில்லை, புதுக்கோட்டையில் மருந்து வாங்கி வருகிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். மாமியாரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. ஞாயிற்றுக்கிழமை, நற்கருணை வாங்கிய வாயால் சொன்னேன். புதுக்கோட்டையில் பஸ் மாறி, கந்தர்வக்கோட்டையில் இறங்கும்போது உச்சி வெயில். அந்தப் பெண்ணின் வீட்டை எப்படி விசாரிப்பது, என்ன உறவு என்று சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் டீக்கடை ஓரத்தில் நின்றேன்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. குழந்தை கையை நீட்டியது.

குரலைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். குளத்தங்கரையைத் தாண்டி மாரியம்மன் கோயில். முன்னால் கீற்றுப் பந்தல். தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர் ஓடியது. ஐந்து வாரமாக நடந்த திருவிழாவின் கடைசி நாள். மஞ்சள் நீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையிலும் பந்தல் காலிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதில் இருந்தது அவர் முகம். பெயர் வேறு. முருகனுக்குரிய பெயர்களில் ஒன்று. மேடையில் அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் வேப்பிலைக் கொத்தோடு பாடிக்கொண்டிருந்தார். ஒரு வயதான அம்மாள் மேடை ஓரம் போய், கையில் மஞ்சளைக் குழைத்து, "என் அய்யா!" என்று அவர் தோளில் அப்பிவிட்டு இறங்கினாள். இடது தோள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வேறு பெண் இல்லை. அந்த ஆறுதல், பாட்டின் வார்த்தைகள் காதில் ஏறும்வரைதான் இருந்தது.

அந்தப் பாட்டை எனக்குத் தெரியும். தவசுக் காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்பு வியாகுல மாதாவைப் பற்றி அவர் எழுதியது. இறந்த மகனை மடியில் போட்டு அழும் தாயிடம் பாடுவதாக வரும். சினிமா மெட்டுப்போல் இருக்கிறது என்று பாடகர் குழுவில் ஒதுக்கிவிட்டார்கள். "ஏழு வாள் தைத்த மார்போடு" என்று நான் படியெடுத்த இடத்தில் இப்போது "ஏழு ஊர் காக்கும் வேம்போடு" என்று பாடினார். அடுத்த வரி மாறவேயில்லை. "மடியில் கிடக்கும் பிள்ளையைக் கண் திறக்கச் சொல்லம்மா." அது நான் போட்ட வரி. அவர் "மகன்" என்று எழுதியிருந்தார். நான் படியெடுத்த வாரம் குழந்தைக்குக் கொதிக்கிற காய்ச்சல். கண்ணைத் திறக்காமல் என் மடியில் கிடந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே "பிள்ளை" என்று திருத்தினேன். இப்போது பந்தலில் இருந்த தாய்மார், அம்மை கண்ட தங்கள் பிள்ளைகளை நினைத்து அந்த வரிக்கு அழுதார்கள். இரண்டு பேருக்குச் சாமி வந்தது.

யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். ஜோடிப் பாட்டுக்காரி. முகமெல்லாம் மஞ்சளும் சிரிப்புமாக இருந்தாள். "அக்கா! வந்துட்டீங்களா? வீட்ல சொல்லிருங்கண்ணேன்னு அண்ணன்கிட்டத் தலபாடா அடிச்சுக்கிட்டேன். இந்தாங்க, புள்ளயக் குடுங்க, வெயில்ல கருகிப்போச்சு பாருங்க" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் நல்ல பெண். ஆனாலும் இவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்பது முள்ளாகக் குத்தியது.

மேடையை விட்டு இறங்கியவர் என்னைப் பார்த்ததும் முதலில் செய்தது, நெற்றியைத் துடைத்துக்கொண்டது.

திரும்பும்போது புதுக்கோட்டையில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு அவரே ஆரம்பித்தார்.

"நாப்பது நாள் வாய மூடிக்கிட்டு இருன்னா எப்படிப் புள்ள? நம்ம ஆளுங்க எம் பாட்டக் கேட்டுக் கொட்டாவி விடுறாக. அங்க சாமியாடுறாக."

"சாமி வர்றதுக்கா நான் எழுத்துப்பிழை திருத்துனேன்?"

"தாயைப் பத்தித்தானே பாடுறேன். எந்தத் தாயின்னு நீ ஏன் பாக்குற?"

"நான் பாக்கல. பங்குச் சாமியார் பாப்பாரு."

அம்மன் தேர் வடத்தைப் பிடித்தார் என்பதற்காக எங்கள் ஊரில் ஒருவர் மூன்று ஞாயிறு கோயில் வாசலில் முழந்தாளில் நின்றது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் வெறும் விவசாயி. இவர் பாட்டுக்காரர். விஷயம் வெளியே வந்தால் பாடகர் வரிசையில் இடம் போகும். கல்யாண வீடுகளும் பிறகு கூப்பிடமாட்டார்கள்.

"இனிமே போகமாட்டேன்" என்றார் கடைசியில். பையிலிருந்து மஞ்சள் பட்ட சட்டையை எடுத்து மடித்து என்னிடம் கொடுத்தார். வேறு பெண் இருந்திருந்தால்கூட எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும் போலிருந்தது. யாரிடம் அழுவது, யாரை அழைத்து நியாயம் கேட்பது என்று தெரிந்திருக்கும். இதை யாரிடம் சொல்வது? என் கையெழுத்தில் அல்லவா அந்தப் பாட்டு இருக்கிறது.

பாஸ்குக்கு முன் எல்லோரும் சாமியாரிடம் தங்கள் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். நான் வரிசையில் நின்று, முழந்தாளிட்டு, "கணவரைச் சந்தேகப்பட்டேன் சாமி, மாமியாரிடம் பொய் சொன்னேன்" என்றேன். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "வேறென்னம்மா?" என்று குரல் வந்தது. எப்போதும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அன்று தெரிந்துகொண்டே கேட்பதுபோல் இருந்தது. "இல்லீங்க சாமி" என்றேன். அது மறைத்ததா, கணவரின் பாவத்தை நான் சொல்லத் தேவையில்லை என்பதாலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே ஒன்று நடந்தது. ஏசு மரித்த நாளான பெரிய வெள்ளிக்குப் பாட வேண்டிய பழைய பாட்டின் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. வேறு வழியில்லாமல், ஒதுக்கிவைத்த அந்த வியாகுல மாதா பாட்டையே பாடச் சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பாடாதீங்க" என்றேன். "எதுக்குன்னு கேட்டா என்ன சொல்ல?" என்றார்.

பெரிய வெள்ளி மதியம் மூன்று மணி. கோயிலுக்குள் இடம் இல்லாமல் வெளியே வேப்பமரத்தடி வரை கூட்டம். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு இந்துக்களும் வந்து நிற்பார்கள். குழந்தைக்குப் புழுங்கும் என்று நானும் மரத்தடியில் நின்றிருந்தேன். உள்ளிருந்து அவர் குரல் எழுந்தது. "ஏழு வாள் தைத்த மார்போடு." வாளைத்தான் பாடினார். சரியாகத்தான் பாடினார். ஆனால் "மடியில் கிடக்கும் பிள்ளையை" என்று வந்தபோது, எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் தோள் குலுங்கியது. கொண்டை அவிழ்ந்தது. அடித் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினாள்.

"வெயிலு! வெயிலு! மயக்கம் வருது, பிடிங்க!" என்று கத்தினேன். யோசித்துக் கத்தவில்லை. நான்கைந்து பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். செம்பில் தண்ணீர் வாங்கி அவள் முகத்தில் தெளித்தேன். கொஞ்சம் தெளிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கோயில் பக்கம் காட்டி மெதுவாகக் கேட்டாள்: "ஏன் தாயி, இது எங்க கந்தர்வக்கோட்டை அம்மனுக்குப் பாடுன அய்யா தானே? அதே பாட்டு. எனக்குத் தெரியாதா?"

மாமியார் இரண்டு அடி தள்ளித்தான் நின்றார்.

"இல்லைங்க. அவரு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றேன்.

என் இடுப்பில் இருந்த குழந்தை கோயிலை நோக்கிக் கையை நீட்டி, "ப்பா, ப்பா" என்றது. புதிதாகப் பழகியிருந்த சொல்.

அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டையைப் போட்டுக்கொண்டு, "ஆளு மாறிப்போச்சு போலருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் அதை எனக்காகத்தான் சொன்னாள். அவள் யார், பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது.

முந்திய நாள்தான் சீடர் இராயப்பர் கதையைக் கோயிலில் கேட்டிருந்தேன். பாடுபடப் போகும் ஆண்டவரைப் பற்றிக் கேட்டபோது, அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர் அவர். நான் ஒரு முறைதான் சொன்னேன். அதுவும் ஆண்டவரை அல்ல, புருஷனை. இப்படிக் கணக்குப் பார்த்து ஆறுதல் தேடியதே தப்போ என்னவோ.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்டார். "வெளியில ஏதோ சத்தம் கேட்டுச்சே. அந்தம்மா ஒங்கிட்ட என்னமோ கேட்டுச்சாமே, ஆத்தா சொல்லுச்சு. என்னவாம்?"

"தண்ணி கேட்டாங்க. குடுத்தேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். முன்பு நான் அவர் சட்டையைப் பார்த்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

அதற்குப் பிறகு அவர் வளர்ந்தார். பாட்டுப் புத்தகங்கள் வந்தன, ரேடியோ வந்தது, இரண்டு இசைத்தட்டு வந்தன. மறு வருடத் தவசுக் காலத்தில் சனிக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் இருந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டேயிருந்தேன், கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அவருடைய நோட்டை நான்தான் இன்றும் படியெடுக்கிறேன். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை வாசிக்கிறேன். முதல் முறை பிழைக்காக. இரண்டாம் முறை, எந்த வார்த்தையை எடுத்தால் அம்மனுக்கு எது உட்காரும் என்பதற்காக. சில பாட்டுகளில் ஒரு வார்த்தையும் அசையாது. சிலவற்றில், மாற்றுவதற்கென்றே விட்டுவைத்ததுபோல் ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தை நான் திருத்துவதில்லை. அவரும் ஏன் திருத்தவில்லை என்று கேட்பதில்லை.